வேர் விடும் மூச்சு

பிரான்சில் வெர்சாய் அரண்மனையின் தெற்குத் தோட்டத்துக்கு அடியில், 150 மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு கல்மண்டபம் இருக்கிறது. பதினான்காம் லூயி மன்னருக்காக ழூல் ஆர்துவேன் மான்சார் என்ற கட்டடக் கலைஞர் 1684இல் தொடங்கி 1686இல் கட்டி முடித்தது. அதில் குடியிருப்பவை மரங்கள். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெரிய பெட்டிகளில் நின்றபடி குளிர்காலத்தை அங்கே கழிக்கின்றன. மே மாத நடுவில் அவற்றை வெளியே இழுத்து வந்து வெயிலில் நிறுத்துவார்கள். அக்டோபரில் மறுபடி உள்ளே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள். அவற்றில் சில 200 வயதைத் தாண்டியவை.

நம் ஊரில் நிலத்தில் வேரூன்றிய எலுமிச்சை இருபத்தைந்து, முப்பது வருடம் காய்த்துக் கொடுத்தாலே தோப்புக்காரருக்குத் திருப்தி. பெட்டிக்குள் அடைபட்ட மரம் இரண்டு நூற்றாண்டு நிற்பது எப்படி? உறைபனியிலிருந்து காத்தது மண்டபத்தின் தடித்த சுவர்தான். ஆனால் ஆயுளைக் கொடுத்தது பெட்டியின் அமைப்பு. அதன் பக்கப் பலகைகளைத் தனியே கழற்றிவிடலாம். மரத்தைத் தூக்காமல், சாய்க்காமல், ஒரு பக்கத்தைத் திறந்து பழைய மண்ணைச் சுரண்டி எடுத்து, முற்றிய வேரை வெட்டி, புது மண் அடைத்து மூடலாம். பெட்டிக்குள் முதலில் மூப்படைவது மரமல்ல, மண் என்பது அந்தத் தோட்டக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

மொட்டை மாடியில் எலுமிச்சை வைத்து, ஒரு வருடம் காய் பறித்து, அடுத்த வருடம் இலை பழுத்து உதிர்வதைப் பார்த்துக் கைபிசைகிறவர்கள் நிறையப் பேர். உரம் போதவில்லையோ, பூச்சியோ, வெயிலோ என்று தேடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தொட்டியின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. அங்கே வேர் மூச்சுவிட முடியாமல் கிடக்கிறது.

வேர் சுவாசிக்கிறது என்பதைப் பள்ளியில் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். பச்சையம் இல்லாத உறுப்பு அது. இலையிலிருந்து வரும் சர்க்கரையை ஆக்சிஜனோடு எரித்துத்தான் தண்ணீரையும் உப்புகளையும் உள்ளே இழுக்கும் வேலையைச் செய்கிறது. மண்துகள்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் காற்று இருந்தால் ஆக்சிஜன் தங்குதடையின்றி வேருக்குப் போகும். அந்த இடுக்குகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் ஆக்சிஜன் பரவும் வேகம் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நம் வெயில் இதை இன்னும் மோசமாக்குகிறது. 15 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் ஒரு லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் ஏழுதான். அதே சூட்டில் வேருக்கும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கும் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. வரவு குறைய, செலவு ஏறுகிறது.

எல்லாச் செடிக்கும் இது பொருந்தும் என்றாலும் எலுமிச்சைக் குடும்பத்துக்குக் கூடுதலாகப் பொருந்தும். இவற்றின் வேரில் வேர்த்தூவிகள் குறைவு. மற்ற செடிகள் தூவிகளைக் கொண்டு செய்யும் உறிஞ்சும் வேலையில் பெரும்பங்கை இவை வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகளிடம் ஒப்படைத்திருக்கின்றன. உரக் கடைகளில் ‘வேம்’ என்ற பெயரில் விற்பது அந்தப் பூஞ்சையைத்தான். அதற்கும் காற்று வேண்டும். மண்ணில் தண்ணீர் தேங்கும்போது இந்த நல்ல பூஞ்சை சோர்ந்துபோக, அந்த ஈரத்தையே எதிர்பார்த்துக் கிடக்கும் ஒரு கெட்ட உயிரி விழித்துக்கொள்கிறது. பைட்டோப்தோரா என்று பெயர். அதன் வித்துகள் வால் அடித்து நீந்தக்கூடியவை. நீந்தத் தண்ணீர் தேவை. ஈரம் மட்டும் இருக்கும் மண்ணில் அவை அதிக தூரம் போக முடியாது. நீர் நிரம்பிய மண்ணில் வேர் நுனியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கின்றன. வேரழுகலும் அடித்தண்டில் பிசின் வடிதலும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

இதில் ஒரு கொடுமை உண்டு. வேர் அழுகிய மரத்தின் இலை வாடித் தொங்கும், தண்ணீர் கிடைக்காத மரத்தின் இலை போலவே. ஏனென்றால் அதற்கும் உண்மையில் தண்ணீர் கிடைக்கவில்லை. சுற்றிலும் தண்ணீர் இருக்கிறது, இழுக்க வேர் இல்லை. பார்த்தவர் பதறி இன்னொரு வாளி ஊற்றுவார். ஆகவே வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றும் முன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பது என்ற சின்னப் பழக்கம், எந்த உரத்தையும்விட அதிக மரங்களைக் காப்பாற்றும் என்பது என் எண்ணம்.

சரி, தொட்டியின் அடியில் துளை இருக்கிறதே, தண்ணீர் ஏன் தேங்குகிறது? இங்கேதான் தொட்டி நிலத்தின் சிறு துண்டு அல்ல என்பது தெளிவாகிறது. ஈர மண்ணில் தண்ணீரைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. பிடித்து நிறுத்துவது மண்துகள் இடுக்குகளின் நுண்புழை விசை. நிலத்தில் கீழே கீழே மண் தொடர்ந்து இருப்பதால் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். தொட்டியில் மண் திடீரென முடிகிறது. அந்த முடிவில், சொட்டி முடித்த பிறகும் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் முழுக்க நீர் நிரம்பியே நிற்கும். பாத்திரம் துலக்கும் பஞ்சை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். நன்றாக நனைத்த பஞ்சைப் படுக்கை வாட்டில் பிடித்தால் கொஞ்சம் சொட்டி நின்றுவிடும். நின்ற பிறகு அதே பஞ்சைச் செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி சொட்டும். பஞ்சு அதேதான், தண்ணீர் அதேதான், உயரம் மட்டும் கூடியிருக்கிறது.

நீர் நிரம்பி நிற்கும் அடுக்கின் உயரத்தை மண்கலவைதான் தீர்மானிக்கிறது, தொட்டியின் வடிவம் அல்ல. ஒரு கலவையில் அது 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 16 சென்டிமீட்டர் உயரத் தொட்டியில் அந்தக் கலவையைப் போட்டால் பாதித் தொட்டி சேறு. 40 சென்டிமீட்டர் உயரத் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்குதான். அகலமான, தட்டையான தொட்டி பார்க்க அழகு, கீரைக்கு நல்லது, எலுமிச்சைக்கு வேண்டாம்.

தொட்டியின் அடியில் செங்கல் ஜல்லியோ ஓட்டுச் சில்லோ ஒரு சாண் பரப்பினால் வடிகால் நன்றாக இருக்கும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். நடப்பது நேர்மாறு. மண்ணின் சிறு இடுக்கிலிருந்து ஜல்லியின் பெரிய இடுக்குக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுசாக நிரம்பி, அதற்குமேல் தாங்காது என்ற பிறகுதான் சொட்டும். ஆகவே அந்தச் சேற்று அடுக்கு அப்படியே ஜல்லிக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது, வேருக்கு இன்னும் அருகில். துளை வழியாக மண் ஒழுகாமலிருக்க ஒரே ஒரு ஓடு வைத்தால் போதும். ஜல்லிக்கு ஒதுக்கிய இடத்தையும் மண்ணுக்கே கொடுத்துவிடலாம்.

சேற்று அடுக்கைக் குறைக்க உண்மையான வழி கலவையைக் கரடுமுரடாக்குவது. வயலில் நல்ல பெயர் வாங்கிய செம்மண்ணைத் தனியாகத் தொட்டியில் அடைத்தால் சில மாதத்தில் இறுகி, நடுவில் கட்டியாகவும் ஓரத்தில் விரிசலாகவும் ஆகிவிடும். ஊற்றிய தண்ணீர் விரிசல் வழியே அப்படியே வெளியேறும், நடுக்கட்டி காய்ந்தே கிடக்கும். நாற்றுப்பண்ணையிலிருந்து வரும் ஒட்டுச்செடிகளின் வேர்ப்பந்தும் பலசமயம் இப்படிப்பட்ட களிமண் உருண்டைதான். நடும்போது அதன் ஓரங்களைத் தண்ணீரில் கரைத்து, வேரைச் சற்றுப் பிரித்துவிடாவிட்டால், புதுக் கலவை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் செடி பழைய உருண்டைக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கும்.

கலவைக்கு ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். கால் பங்கு செம்மண், கால் பங்கு ஆற்று மணலோ சலித்த செங்கல் துகளோ, கால் பங்கு தென்னை நார் துண்டுகள், மீதி நன்றாக மக்கிய தொழுஉரமோ மண்புழு உரமோ, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இது ஒரு நடுவழி. செங்கல் துகள் என்றால் மாவு அல்ல. மாவைச் சலித்துக் கொட்டிவிட்டு மிளகு அளவுத் துண்டுகளை எடுக்க வேண்டும். தென்னை நார்த் தூளான கோகோபீட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து உலகம் முழுக்கப் போகும் சரக்கு அது. எடை குறைவு, ஈரம் பிடிக்கும், மாடிக்கு ஏற்றது. ஆனால் கழுவாத கோகோபீட்டில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். எலுமிச்சை வகைகள் உப்பைத் தாங்காத பயிர்களின் வரிசையில் முன்னால் நிற்பவை. ஏற்றுமதிக்குப் போவதைக் கழுவி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அனுப்புகிறார்கள். நாம் வாங்குவது எப்படிப்பட்டது என்று தெரியாவிட்டால், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்துவிடுவது நல்லது. பாதிக்கு மேல் கோகோபீட் போட்டால் மழைக்காலத்தில் தொட்டி பஞ்சு மெத்தையாக ஊறிக்கிடக்கும்.

நடும்போது ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே ஒரு சாணாவது தெரிய வேண்டும். அது மண்ணுக்குள் போனால் பிசின் நோய்க்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாக ஆகும். ஒட்டுக்குக் கீழே கிளைக்கும் தளிர் ஒட்டப்பட்ட ரகத்தின் தளிர் அல்ல, அடிவேர் ரகத்தின் தளிர். முரட்டு வேகத்தில், நீண்ட முள்ளோடு வளர்ந்து மேலே இருப்பதைப் பட்டினி போட்டுவிடும். கிள்ளி எறிவதில் தயக்கம் வேண்டாம்.

தொட்டி எந்தப் பொருளில் என்பதில் எனக்கு மண்தொட்டியின் பக்கம் ஒரு சாய்வு உண்டு. இத்தாலியில் பிளாரன்ஸ் அருகே காஸ்தெல்லோவில் மெடிச்சி குடும்பத்தின் பழைய தோட்டத்தில் இன்றும் நூற்றுக்கணக்கான எலுமிச்சை, நார்த்தை வகைகள் பெரிய சுட்ட மண்தொட்டிகளில்தான் நிற்கின்றன. அதே பிளாரன்ஸ் பகுதியிலுள்ள இம்ப்ருநேத்தாவின் குயவர்கள் அந்தத் தொட்டிகளுக்குப் பெயர்பெற்றவர்கள். மண்சுவர் வழியே தண்ணீர் கசிந்து ஆவியாகும்போது வேர்ப்பகுதி குளிர்கிறது, ஓரத்துக்குக் காற்றும் கிடைக்கிறது. ஆனால் ஒன்றரை அடி மண்தொட்டியை ஈர மண்ணோடு மூன்றாவது மாடிக்கு ஏற்றிப் பார்த்தவர்கள் அடுத்ததற்கு குரோ பேக் வாங்குவார்கள்; அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். நெய்யாத துணியால் ஆன பையில் வேர் நுனி சுவரைத் தொட்டதும் காற்றுப்பட்டுக் காய்ந்து, பின்னாலிருந்து புதுக் கிளைவேர் விடும். வழவழப்பான பிளாஸ்டிக் சுவரில் அதே வேர் வட்டம் சுற்றிக்கொண்டே போய்க் கடைசியில் தன்னைத் தானே நெரித்துக்கொள்ளும்.

கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எலுமிச்சை வேர் நன்றாக வளரும் வெப்பம் 25 முதல் 30 டிகிரி வரை. 37, 38ஐத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும். சித்திரை வெயிலில் மேற்குப் பார்த்த கறுப்புத் தொட்டியின் ஓர மண் 45 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நல்ல வேர்களெல்லாம் இருப்பது அந்த ஓரத்தில்தான். தொட்டிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதோ, மேற்குப் பக்கம் இன்னொரு தொட்டியையோ பழைய சாக்கையோ மறைப்பாக வைப்பதோ போதும். இலைக்கு வெயில், வேருக்கு நிழல். இலைக்கும்கூட முழு வெயில் அவசியமில்லை. எலுமிச்சை இலையின் ஒளிச்சேர்க்கை, உச்சி வெயிலின் மூன்றில் ஒரு பங்கு ஒளியிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் வருவது பெரும்பாலும் சூடுதான். காலையிலிருந்து ஆறு மணி நேர வெயில் கிடைக்கும் மாடியில், கத்திரி நாட்களில் மட்டும் மெல்லிய நிழல்வலை கட்டினால் நஷ்டம் ஒன்றுமில்லை.

சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் ஒரேயடியாக வைத்துவிட்டால் வேலை மிச்சம் என்று தோன்றும். வேர் எட்டாத மண்ணிலுள்ள தண்ணீரைக் குடிக்க ஆளில்லை. அது நாள் கணக்கில் தேங்கிப் புளித்துப்போகும். முதலில் ஒரு அடி உயரத் தொட்டி, வேர் நிறைந்த பிறகு ஒன்றரை அடி, கடைசியாக இரண்டு அடி. இப்படி ஏறிப்போவதே நல்லது.

தண்ணீருக்கு வருவோம். தினமும் ஒரு சொம்பு என்ற கணக்கு எலுமிச்சைக்கு ஆகாது. விரல் இரண்டு கணு ஆழத்துக்குப் போனால் அங்கே மண் காய ஆரம்பித்திருக்க வேண்டும். அப்போது ஊற்றுங்கள், அடியில் நன்றாக வடியும்வரை ஊற்றுங்கள். வடிவதை வீண் என்று நினைக்காதீர்கள். இலை நீராவியாக வெளிவிடுவது சுத்தமான தண்ணீர். அதிலிருந்த உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். மண்ணின் மேல் வெள்ளைப் படலம், இலை நுனியிலிருந்து தொடங்கும் கருகல், இரண்டும் அதன் அடையாளங்கள். ஊற்றுவதில் பத்தில் ஒரு பங்காவது வெளியேறினால்தான் உப்பு கழுவப்படும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து அந்த உப்புநீரை மறுபடி மேலே இழுக்கவிடுவது விவேகமல்ல. இரண்டு செங்கல் மேல் தொட்டியை நிறுத்துங்கள். ஐப்பசி மழையில் இதன் அருமை தெரியும்.

தண்ணீரை மிச்சம்பிடிக்கும் நல்லெண்ணத்தில் ஆர்.ஓ. எந்திரம் கழிக்கும் தண்ணீரைச் செடிக்கு விடுகிறார்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அடர்ந்து சேர்ந்த தண்ணீர் அது. தரை துடைக்கலாம், எலுமிச்சைக்கு வேண்டாம். அதே வீட்டில் ஏ.சி. சொட்டும் தண்ணீர் யாரும் சீண்டாமல் ஓடிக்கொண்டிருக்கும். காற்றின் ஈரம் குளிர்ந்து சேர்ந்ததால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. பிடித்து வைத்து, போர் தண்ணீரோடு கலந்து ஊற்றினால் மழைக்கு அடுத்தபடி அதுதான்.

போர் தண்ணீரின் பிரச்சினை உப்போடு முடிவதில்லை. அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் மண்ணை மெல்ல மெல்லக் காரமாக்கும். எலுமிச்சைக்குப் பிடித்தது 5.5 முதல் 6.5 வரையிலான பி.எச். அது ஏழரை, எட்டு என்று ஏறும்போது மண்ணில் இரும்பு இருந்தும் கரையாது. துத்தநாகமும் மாங்கனீசும் அப்படியே. பட்டினி இலையில் எழுதப்படும். எந்த இலையில் என்பதைக் கவனிக்க வேண்டும். தழைச்சத்தையும் மக்னீசியத்தையும் மரம் பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பிக்கொள்ள முடியும். ஆகவே அவை குறைந்தால் முதிர்ந்த இலை முதலில் மஞ்சளாகும். மக்னீசியக் குறைவில் இலையின் அடிப்பகுதியில் மட்டும் தலைகீழ் ‘வி’ வடிவில் பச்சை மிஞ்சி நிற்கும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது; தளிர்தான் வெளுக்கும், நரம்பு மட்டும் மெல்லிய பச்சை வலையாகத் தெரியும். துத்தநாகம் குறைந்தால் இலை சிறுத்து, குறுகி, நரம்புகளுக்கிடையே திட்டுத்திட்டாக மஞ்சள்.

துத்தநாகத்துக்கு, லிட்டருக்கு 5 கிராம் சிங்க் சல்பேட்டும் அதில் பாதி நீற்றிய சுண்ணாம்பும் கலந்து இளம் இலைகளில் தெளிப்பது பழைய, நம்பகமான வைத்தியம். இரும்பு வாங்கும்போது பாக்கெட்டின் சிறு எழுத்தைப் படியுங்கள். இ.டி.டி.ஏ. என்ற பிணைப்பு கார மண்ணில் பிடி விட்டுவிடும், இ.டி.டி.எச்.ஏ. என்றிருப்பது விலை கூடுதல், ஆனால் கார மண்ணிலும் வேலை செய்யும். இத்தனைக்கும் முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மூச்சுத் திணறும் வேரும் இரும்பை எடுக்காது. மரமும் அதே வெளுத்த தளிரைத்தான் காட்டும். எப்சம் உப்பும் நுண்ணூட்டப் புட்டியும் வாங்கும் முன் தொட்டியைச் சாய்த்து அடித்துளையில் முகர்ந்து பாருங்கள். சாக்கடை வாடை அடித்தால் பணத்தை மிச்சப்படுத்திவிட்டு மண்ணை மாற்றுங்கள்.

இனி பூ. மரம் தழைத்து நிற்கிறது, பூக்கவில்லை என்பவர்கள் முதலில் அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும். எலுமிச்சை விதையில் ஒரு விசித்திரம் உண்டு: ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று நாற்று முளைக்கும். பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையில் பிறந்தவை அல்ல. தாயின் திசுவிலிருந்தே உருவான நகல்கள். ஆகவே ரகம் மாறாது. ஆனால் நகலானாலும் விதையிலிருந்து முளைத்தது குழந்தைப் பருவத்தைக் கடந்தே ஆகவேண்டும். நான்கைந்து வருடம் முள்ளும் இலையுமாகப் போகும். பதியனோ ஒட்டோ அப்படியல்ல. காய்த்த மரத்தின் கிளையே வேறு வேரில் நிற்பதால் ஓரிரு வருடத்தில் பூக்கும். மாடிக்கு அதுவே சரி. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 எலுமிச்சை தமிழ்நாட்டு நாற்றுப்பண்ணைகளில் எளிதில் கிடைக்கிறது.

குளிர் நாட்டில் இந்த மரங்களைப் பூக்கத் தூண்டுவது குளிர்காலம். நமக்கு அந்தக் குளிர் இல்லை. இங்கே அந்த வேலையைச் செய்வது வறட்சி. தண்ணீர் நின்று, இலை சோர்ந்து, பிறகு மழை வந்ததும் மொட்டு வெடிக்கும். இத்தாலியின் சிசிலித் தீவில் விவசாயிகள் இதை ஒரு தொழிலாகவே செய்தார்கள்: கோடையில் எலுமிச்சைத் தோப்புக்குத் தண்ணீரை நிறுத்தி, மரம் வாடியதும் பாய்ச்சி, காலம் தவறிப் பூக்கவைத்து, மற்றவர்களிடம் காய் இல்லாத அடுத்த கோடையில் ‘வெர்தெல்லி’ என்ற பச்சை எலுமிச்சையை நல்ல விலைக்கு விற்பார்கள். இந்தியத் தோப்புகளிலும் ஏப்ரல், மே விலையைக் குறிவைத்துச் செப்டம்பர், அக்டோபரில் பூக்கவைக்கும் வழக்கம் உண்டு. தோப்பில் வாரக்கணக்கில் நடக்கும் இந்த வாட்டம் தொட்டியில் ஓரிரு நாளில் முடிந்துவிடும். காலையிலும் நிமிராமல் இலை சுருண்டே இருந்தால் அதற்கு மேல் வாட்டக் கூடாது. அடிமண் காய்ந்த தொட்டி மன்னிக்காது; மறுநாள் தண்ணீர் பட்டதும் இலைகளைக் கொட்டிவிடும்.

பூத்தபின் பூவும் பிஞ்சும் கொட்டுவதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். நூறு பூவில் ஓரிரண்டு காயாவதுதான் இந்தக் குடும்பத்தின் வழக்கம். தொட்டி மரத்துக்கு அதுவே அதிகம்.

பூச்சிகளைப் பற்றி எழுதினால் தனி நூலாகிவிடும். தளிரில் வெள்ளிக்கோடு இழுத்தது போலிருந்தால் இலைத்துளைப்பான். அது முற்றிய இலையைத் தொடாது, மரத்தைக் கொல்லாது. ஆனால் அது கீறிய காயம் வழியே சொறி நோயின் பாக்டீரியா நுழையும். காகிதம் போல் மெல்லிய இலையுள்ள நம் எலுமிச்சைக்கு அந்த நோய் சட்டென்று பற்றும். மழைச் சாரலும் காற்றும் பரப்பும். ஆகவே இலையை நனைக்காமல் வேரில் ஊற்றுங்கள், சொறி பிடித்த கிளையை வறண்ட நாளில் வெட்டுங்கள். பறவை எச்சம் போல் இலையில் ஒட்டிக்கிடப்பது எச்சமல்ல, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். கறிவேப்பிலையும் வில்வமும் எலுமிச்சையும் ஒரே குடும்பம் என்பதை நமக்கு முன்பே அறிந்த உயிர் அது. பெரிய மரமென்றால் நாலு இலை போனால் போகட்டும். முழங்கால் உயரச் செடியென்றால் புழுவைக் கறிவேப்பிலைக்கு மாற்றிவிடுங்கள்.

எறும்புச் சாரி ஏறினால் மட்டும் அலட்சியம் வேண்டாம். மாவுப்பூச்சியும் அசுவினியும் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும், பொறிவண்டுகளை விரட்டும். தண்டில் பசை தடவிய துணியைச் சுற்றி எறும்பை நிறுத்தினாலே பாதி மாவுப்பூச்சியைப் பொறிவண்டுகள் பார்த்துக்கொள்ளும். இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. கி.பி. 304ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு சீனத் தாவர நூல், முசுறு எறும்பின் கூடுகளைச் சந்தையில் வாங்கி ஆரஞ்சு மரங்களில் கட்டியதைப் பதிவுசெய்கிறது. பூச்சியைக் கொண்டே பூச்சியைக் கட்டுப்படுத்திய மிகப் பழைய எழுத்துச் சான்று அதுதான். மாடியில் முசுறு வளர்க்க நான் யோசனை சொல்ல மாட்டேன்.

வேர் தொட்டியை நிறைத்துவிட்டது என்பதை மரமே சொல்லும்: காலையில் ஊற்றியது மாலைக்குள் காயும், அடித்துளையில் வேர் எட்டிப்பார்க்கும், மக்கிய உரம் கரைந்து மண்மட்டம் நாலு விரல் இறங்கியிருக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இது வரும். கத்திரி வெயிலிலும் அடைமழையிலும் கைவைக்காமல், தை, மாசியில் செய்யுங்கள். மரத்தை வெளியே எடுத்து, கூரிய கத்தியால் வேர்ப்பந்தின் ஓரத்திலும் அடியிலும் இரண்டு விரல் கனத்துக்குச் சீவி, சுற்றிய வேர்களை வெட்டி, அதே தொட்டியில் புதுக் கலவையோடு வைக்கலாம். எவ்வளவு வேர் போனதோ அந்த அளவுக்குக் கிளையையும் கவாத்து செய்ய வேண்டும். பாதி வேர் முழு இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. இரண்டு வாரம் நிழலில் வைத்து, உரம் எதுவும் போடாமல் விடுங்கள். தூக்க முடியாத கனமான தொட்டியென்றால் வெர்சாய் முறை: இந்த வருடம் ஒரு பக்கம் குழிதோண்டி மண்ணும் வேரும் எடுத்துப் புது மண் நிரப்புவது, அடுத்த வருடம் எதிர்ப்பக்கம்.

உரம் போடும் கணக்கும் தொட்டியில் மாறும். ஒவ்வொரு முறை வடியும் தண்ணீரோடும் தழைச்சத்து வெளியேறுவதால், மாதத்துக்கு ஒரு பெரிய கைப்பிடிக்குப் பதில் பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை சிறிதளவு. மண்புழு உரம், ஊறவைத்து நீர்த்த கடலைப் புண்ணாக்குக் கரைசல், எதுவானாலும் ஈர மண்ணில்தான் போட வேண்டும். அடைமழை முடிந்த கையோடு ஒருமுறை போடுவது அவசியம். மழை உப்பைக் கழுவியபோது சத்தையும் சேர்த்துக் கழுவியிருக்கும்.

காய் எப்போது பறிப்பது? மாம்பழம் போல் பறித்துவைத்துப் பழுக்கவைக்க இவை உதவாது. மரத்தில் என்ன சுவையோ அதுதான் கடைசிவரை. நிறத்தையும் முழுசாக நம்ப முடியாது. ஆரஞ்சு, சாத்துக்குடியின் தோலில் பச்சையம் கலைவதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் அது கிடைக்காததால் உள்ளே இனித்த பழமும் வெளியே பச்சையாகவே நிற்கும். கையில் எடுத்துப் பாருங்கள்: அளவுக்கு மீறிய கனம், தோலின் சொரசொரப்பு போய் வழவழப்பு, அழுத்தினால் லேசான நெகிழ்வு. எலுமிச்சை இந்த நிலையில் மஞ்சள் தட்டத் தொடங்கியிருக்கும், ஓரிரு வாரத்தில் தானே விழுந்துவிடும். பிடித்து இழுத்தால் காம்போடு தோல் கிழிந்து சீக்கிரம் அழுகும். கத்தரிக்கோலால் காம்பை ஒட்டி வெட்டுங்கள். ஊறுகாய்க்கு மஞ்சள் ஏறியது, சாதத்துக்குப் பிழிய அதற்கு ஒரு வாரம் முந்தியது.